துதியும் ஸ்தோத்திரமும் அன்றாடப் பழக்கமாக

"இந்த வருஷம் தினமும் நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் துதிப்பேன்" என்று டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பொருத்தனை பண்ணுகிறவர்களில் பலர் பொங்கலுக்குள் ஓய்ந்துவிடுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே தாங்காத அளவை வைத்துக்கொள்வதுதான் காரணம். தொடக்கத்துக்குப் பத்து நிமிஷம் தாராளம்: காலையில் ஆறு, இரவில் நாலு.

இப்படி இரண்டாகப் பிரிப்பது வேதாகமத்திலுள்ள துதிப்பாடல்களில் ஒன்றான 92-ம் சங்கீதத்தின் வழி. காலையில் கர்த்தருடைய கிருபையையும் இரவில் அவருடைய சத்தியத்தையும் அறிவிப்பது நல்லது என்கிறது அது. நடைமுறைக்கும் ஒத்துவருகிறது. விடியும்போது அன்றைக்கு இன்னும் எதுவும் நடந்திருக்காது. ஆகவே அவர் யார் என்பதைச் சொல்லித் துதிக்கலாம். நன்றி சொல்ல விஷயம் சேருவது சாயந்திரத்துக்கு மேல்தான்.

காலை நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். காபி டம்ளரைக் கீழே வைத்ததும், அல்லது மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பும்வரை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி வேன் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு வீட்டில் அந்த ஆறு நிமிஷமும் கிடைக்காது. வேனில் உட்கார்ந்ததும் தொடங்கலாம். பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களுக்கு மனப்பாடம்தான் கைகொடுக்கும். 117-ம் சங்கீதம் இரண்டே வசனம், 100 ஐந்து வசனம், 150 ஆறு வசனம். இந்த மூன்றையும் முதல் மாதத்திலேயே மனப்பாடம் பண்ணிவிடலாம்.

வீட்டில் வாசிக்கிறவர்கள் தேதி முறையைப் பிடித்துக்கொள்ளலாம். இன்று 7-ம் தேதி என்றால் 7, அதோடு முப்பது முப்பதாகக் கூட்டி 37, 67, 97, 127. முப்பது நாளில் 150 சங்கீதமும் முடியும். புதியவர்கள் ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். 29-ம் தேதி மட்டும் ஜாக்கிரதை: 119-ம் சங்கீதம் வரும், 176 வசனம். அதை எட்டெட்டு வசனமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 31-ம் தேதிக்குத் தள்ளுங்கள்.

அச்சிட்ட வேதாகமமே நல்லது. போனில் திறந்தால் மூன்றாவது வசனத்திலேயே குடும்ப குரூப்பின் குட்மார்னிங் வந்து நிற்கும்.

பல வீடுகளில் இருக்கும் ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தைப் பற்றி ஒன்று. துதிக்க வார்த்தை வராதவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினால் நூறாவதுக்கு மேல் வாய் மட்டும்தான் ஓடும். ஒரு நாளைக்குப் பத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள்.

இரவின் நாலு நிமிஷத்துக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் வேண்டும்; தலையணைப் பக்கத்திலேயே இருக்கட்டும். தேதி போட்டு ஒரு வரி, மிஞ்சினால் மூன்று. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "உணவுக்காக, உடைக்காக, சுகத்துக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதினால் மூன்றாம் நாளும் அதையேதான் எழுதுவீர்கள், நாலாம் நாள் நோட்டு மூடியே கிடக்கும். என்ன நடந்தது, யார் மூலமாக நடந்தது, நடக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும், இந்த மூன்றும் வரியில் இருக்கட்டும். "வீட்டுக்காரர் வாடகைக்கு வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொண்டார், இல்லாவிட்டால் சின்னவளின் கம்மல் அடகுக்குப் போயிருக்கும்." இப்படி எழுதுகிறவருக்கு மறுநாளும் எழுத ஏதாவது இருக்கும்.

மனசு கனத்த நாட்களும் வரும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவரிடம் போய் "நோய்க்காக ஸ்தோத்திரம் சொல்" என்று வற்புறுத்துவது கொடுமை. அந்த நாளுக்கு 13-ம் சங்கீதம் இருக்கிறது. "எதுவரைக்கும்" என்ற முறையீட்டில் தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. 88-ம் சங்கீதமோ கடைசிவரை இருளிலேயே நிற்கிறது. அதையும் வாசிக்கலாம், தவறில்லை.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நெளிவதற்கு நீளம்தான் முக்கியக் காரணம். 136-ம் சங்கீதத்தை எடுங்கள்: அப்பா முன்பாதியை வாசிக்க, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிக்கட்டும். இருபத்தாறு வசனமும் இப்படித்தான் முடியும். பிறகு அதே மாதிரி ஆளுக்கு ஒரு வரி சொந்தமாக. ஆயா "அக்னி நட்சத்திரத்திலும் நம்ம போர் வத்தலியே" என்றால் எல்லாரும் பதில் வரி. பையன் "மேத்ஸ் டெஸ்ட்டைத் தள்ளி வெச்சாங்க" என்றாலும் அதே பதில் வரி. சிரிப்பு வந்தால் வரட்டும். அப்பா நடுவில் பிரசங்கம் வைக்கக் கூடாது.

நாள் தவறினால் விட்டதைச் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம். பாக்கி ஏறினால் அந்த பயத்திலேயே வேதாகமத்தைத் தொடாமல் இருப்போம். தேதி முறையில் இது சுலபம்: இன்றைய தேதிக்குப் போய்விடுங்கள்.

மாதக் கடைசியில் நோட்டைப் பின்னோக்கி ஒருமுறை புரட்டி, சபையில் நன்றியாகப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் எழுத அதிலிருந்து காரணம் எடுங்கள். "தேவ நன்மைகளுக்காக" என்று பொதுவாக எழுதாமல், நோட்டிலிருக்கும் வரியையே சுருக்கி எழுதலாம். ஆயர் ஞாயிற்றுக்கிழமை கவரை வாசிக்கும் சபையாக இருந்தால், ஊரறியத் தேவையில்லாத பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.