அறியாமல் செய்த பாவமும் பாவநிவாரண பலியும்: வாசிப்பிலும் போதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறியாமல் செய்த பாவத்துக்கான பலிகளைச் சொல்லும் லேவியராகமம் 4, 5 அதிகாரங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறவர்களே அதிகம். காளை, கடா, கொழுப்பு, குண்டிக்காய் (சிறுநீரகம்), பலிபீடத்தின் கொம்பில் பூசிய இரத்தம் என்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த வாசகம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே கோட்டை விட்டால், பின்னால் எபிரெயர் நிருபத்தையும் சிலுவையையும் விளக்க வரும்போது அந்தப் பிழை பெரிதாகி நிற்கும்.

முதல் தவறு ஒரு சொல்லில் தொடங்குகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் லேவியராகமம் 4:2 ‘அறியாமையினால்’ என்கிறது. இதைப் படித்ததும், கட்டளையே தெரியாதவன் செய்த பாவம் என்று எண்ணிக்கொள்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ஷெகாகா. தவறுதலாக ஒருவனைக் கொன்றவன் ஓடித் தப்பும் அடைக்கலப்பட்டணங்களைப் பற்றிப் பேசும் எண்ணாகமம் 35:11-இலும் இதே சொல்தான் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘கைப்பிசகாய்’ என்று அழகாக எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் பொருள் முழுமையாகும். கட்டளை தெரியாமல் செய்ததும் ஷெகாகா; கட்டளை நன்றாகத் தெரிந்தும், தான் செய்வது இன்னதென்று தெரியாமல் தவறியதும் ஷெகாகா. விறகு வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் பட்டுவிடுகிறதே (உபாகமம் 19:5), அவனுக்குக் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளை தெரியாதா என்ன?

யூத ஆசிரியர்கள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தார்கள் என்பதற்கு அவர்களுடைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதி, 7-ஆம் அதிகாரம் நல்ல சாட்சி. ஓய்வுநாள் என்று ஒன்று இருப்பதையே மறந்தவன் பல வாரங்கள் வேலை செய்திருந்தாலும் ஒரே ஒரு பாவநிவாரண பலி போதும். ஓய்வுநாள் உண்டு என்று தெரிந்தும் இன்றுதான் அந்த நாள் என்பதை மறந்தவன், மீறிய ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் ஒரு பலி கொண்டுவர வேண்டும். இன்று ஓய்வுநாள் என்பதும் தெரிந்து, இன்ன வேலை விலக்கப்பட்டது என்பதை மட்டும் அறியாதவனுக்கு, தடைசெய்யப்பட்ட 39 வேலைகளில் எத்தனை வகையைச் செய்தானோ அத்தனை பலி. அறிவு கூடக் கூடப் பொறுப்பும் கூடுகிறது. அதிகம் அறிந்தவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்று லூக்கா 12:47, 48-இல் இயேசு சொல்வதும் இந்த மண்ணில் முளைத்த பேச்சுதான்.

பலியின் மிருகத்தைப் பார்த்துப் பாவத்தின் அளவைக் கணக்கிடுவது அடுத்த தவறு. ‘பெரிய பாவத்துக்குக் காளை, சின்னப் பாவத்துக்கு ஆடு’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 4-ஆம் அதிகாரத்தில் பாவத்தின் அளவு எங்குமே பேசப்படவில்லை. பாவம் செய்தவர் யார் என்பதுதான் பேசப்படுகிறது. அபிஷேகம் பெற்ற ஆசாரியனுக்குப் பழுதற்ற இளங்காளை. சபை முழுவதற்கும் அதே இளங்காளைதான். மூப்பர்கள் அதன் தலையில் கைவைப்பார்கள். பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா. சாதாரண ஜனத்தில் ஒருவனுக்கு வெள்ளாட்டில் பெண்குட்டி, அல்லது செம்மறியில் பெண்குட்டி.

மிருகத்தை விட்டுவிட்டு இரத்தத்தைப் பின்தொடருங்கள். பிரபுவும் சாதாரண ஆளும் செய்த பாவத்துக்கு இரத்தம் ஆசரிப்புக் கூடாரத்தின் வெளிமுற்றத்தைத் தாண்டாது. தகன பலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மிச்சத்தை அதன் அடியிலே ஊற்றிவிடுவார்கள். ஆசாரியனோ முழுச் சபையோ பாவம் செய்தால் இரத்தம் கூடாரத்துக்குள்ளே போகிறது: மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு எதிரே 7 தரம் தெளிப்பு, தூபபீடத்தின் கொம்புகளில் பூச்சு, அதன் பிறகே மிச்சம் வெளிப்பீடத்தின் அடியில். வருஷத்துக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் 10-ஆம் தேதி, பாவநிவாரண நாளில் அது திரைக்கு உள்ளேயே போய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை எட்டுகிறது. கறை எவ்வளவு தூரம் உள்ளே போயிற்றோ அவ்வளவு தூரம் இரத்தமும் போக வேண்டும். நடத்துகிறவன் தவறினால் தேவனுடைய வாசஸ்தலத்தின் உட்புறம் வரைக்கும் அழுக்குப் படிகிறது. போதகர்களும் குருக்களும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது.

இரத்தம் போன தூரத்தை வைத்தே இறைச்சி என்னவாகும் என்பதும் முடிவாகிறது. இவை இரண்டையும் குழப்பிவிடுகிறவர்கள் உண்டு. கொழுப்பும் இரண்டு குண்டிக்காய்களும் கல்லீரலின்மேல் உள்ள ஜவ்வும் எல்லாப் பலியிலும் பீடத்தில் எரிக்கப்படும். மீதியை, இரத்தம் உள்ளே போகாத பலியானால் ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்தில் வைத்துச் சாப்பிட வேண்டும். இரத்தம் உள்ளே போயிருந்தால் யாரும் சாப்பிடக்கூடாது. தோல், தலை, தொடை, குடல், சாணி உட்பட எல்லாவற்றையும் பாளயத்துக்குப் புறம்பே சாம்பல் கொட்டும் சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டெரிக்க வேண்டும். எபிரெயர் 13:11, 12 இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று சொல்லும்போது கைகாட்டுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

மூன்றாவதாக, படங்களில் பார்த்துப் பழகிய ஒரு காட்சி: ஆசாரியர் கத்தியோடு நிற்பார், பாவம் செய்தவன் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். லேவியராகமம் 4:29 அப்படிச் சொல்லவில்லை. ஆட்டைக் கொண்டுவந்தவனே அதன் தலையில் கைவைத்து, அவனே கொல்ல வேண்டும். இரத்தம் வடிந்த பிறகுதான் ஆசாரியனின் வேலை தொடங்குகிறது. புறா மட்டும் விதிவிலக்கு. அதன் தலையைக் கிள்ளுவது ஆசாரியன். கைவைத்ததும் பாவம் மிருகத்துக்குள் இறங்கிவிட்டது என்று விளக்குவதிலும் நிதானம் வேண்டும். அந்த இறைச்சியை ‘மகா பரிசுத்தமானது’ என்கிறது 6-ஆம் அதிகாரம். இரண்டு கைகளையும் வைத்து, அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அவற்றை மிருகத்தின் தலையில் சுமத்துவதாகத் தெளிவாக எழுதியிருப்பது 16:21-இல், போக்காட்டைப் பற்றி மட்டுமே. அந்த ஆடு பலிபீடத்துக்கே போவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது.

‘பாவநிவாரண பலி’ என்ற பெயரே இன்னொரு குழப்பத்துக்கு வாசல் திறக்கிறது. பிள்ளை பெற்ற தாயும் அந்தப் பலியைக் கொண்டுவர வேண்டும் என்று 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரசவம் பாவமா? ஒருபோதும் இல்லை. ஹத்தாத் என்னும் இந்தப் பலி ஒழுக்கக் குற்றத்துக்கு மட்டுமல்ல, தீட்டைக் கழித்துச் சுத்திகரிப்பதற்கும் உரியது. லூக்கா 2:24-இல் மரியாள் தரப்பில் செலுத்தப்படுவது ஏழைகளுக்கு அனுமதித்த பறவைப் பலி. அதை வைத்துத் தாய்மையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நியாயப்பிரமாணத்தையும் புரிந்துகொள்ளவில்லை, தாய்மார்களையும் புண்படுத்துகிறார்கள்.

ஏழைகளுக்கான படிகளை விளக்கும்போதும் கவனம் தேவை. ஆட்டுக்கு வசதி இல்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களை அல்லது இரண்டு புறாக்குஞ்சுகளைக் கொண்டுவரலாம். இரண்டு என்பது இரட்டிப்பு அபராதம் இல்லை. ஒன்று பாவநிவாரண பலி, மற்றது முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலி. அதற்கும் வழியில்லையா, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளளவு. மாவைப் படைக்கும் போஜனபலியின் பழக்கத்தில் இதில் எண்ணெய் வார்த்தாலோ தூபவர்க்கம் போட்டாலோ தவறு. 5:11 அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒரு சொட்டு இரத்தமும் இல்லாத இந்த மாவைப் பற்றியும் ‘மன்னிக்கப்படும்’ என்றே எழுதியிருக்கிறது. எபிரெயர் 9:22 ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படும் என்று அளந்து பேசுவதை மறந்துவிட்டு ‘இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது’ என்ற பின்பாதியை மட்டும் மனப்பாடமாகச் சொல்வது நியாயமில்லை.

இனி, மிகப் பரவலான தவறு: ‘தெரிந்து செய்த பாவத்துக்குப் பழைய ஏற்பாட்டில் பலியே கிடையாது.’ எண்ணாகமம் 15:30-ஐ வைத்துச் சொல்கிறார்கள். அங்கே ‘துணிகரமாய்’ என்று வருவது எபிரெயத்தில் ‘உயர்த்திய கையோடு’. கர்த்தருக்கு எதிராகக் கை ஓங்கி, கலகமாகச் செய்கிறவனைப் பற்றிய பேச்சு அது. அவன் ஜனத்தில் இராதபடிக்கு அறுப்புண்டுபோவான். தெரிந்து செய்த எல்லாமே அந்த வகையில் சேராது. லேவியராகமம் 6:1-7-ஐப் படியுங்கள் (எபிரெய வேதாகமத்தில் இதே பகுதி 5:20-26, யூத உரைகளைத் தேடுகிறவர்கள் எண் மாறுவதைக் கவனிக்க வேண்டும்). அயலான் ஒப்படைத்த பொருளை இல்லையென்று மறுத்து, பொய்யாணையும் இட்டவன் தெரிந்தேதான் செய்தான். அவனுக்கும் வழி உண்டு: முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் உரியவனிடம் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியாக ஓர் ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். 100 வெள்ளிக்காசு ஏமாற்றியிருந்தால் 120. பிடிபட்ட திருடனுக்கோ யாத்திராகமம் 22 இரட்டிப்பு, சிலசமயம் நான்கு ஐந்து மடங்கு விதிக்கிறது. தானே குற்றத்தை உணர்ந்து வருகிறவனுக்குச் சுமை எவ்வளவு குறைக்கப்படுகிறது பாருங்கள்.

வரிசையை மாற்றிவிடக்கூடாது. பணம் உரியவனிடம் போகிறது, பிறகு ஆடு பலிபீடத்துக்குப் போகிறது. ஆலயம் இடிந்த கி.பி. 70-க்குப் பின் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை அவனைச் சமாதானப்படுத்தாத வரை பாவநிவாரண நாளும் தீர்க்காது என்கிறது. மத்தேயு 5:23, 24-இலும் காணிக்கை பலிபீடத்தருகே காத்திருக்க, ஒப்புரவே முந்துகிறது.

எபிரெயர் 9:7, பிரதான ஆசாரியன் ஜனங்களுடைய ‘தப்பிதங்களுக்காக’ இரத்தத்தோடு உள்ளே போவதாகச் சொல்கிறது. கிரேக்கத்தில் அது அறியாமல் செய்தவற்றைக் குறிக்கும் சொல். இதை வைத்துக் கிறிஸ்துவின் பலியும் அறியாப் பாவங்களுக்கு மட்டுமே என்று முடிவுகட்டுவது நிருபத்தின் போக்குக்கே விரோதம். சத்தியத்தை அறிந்தபின் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் வேறொரு பலி இனி இல்லை என்னும் அதே நிருபத்தின் 10:26-ஐ எடுத்து, ஒருமுறை தெரிந்து தவறிவிட்ட விசுவாசியை ‘இனி உனக்குப் பலி இல்லை’ என்று பயமுறுத்துவது அதைவிடக் கொடுமை. அந்த வசனத்துக்கு 29-ஆம் வசனமே உரை: தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்து, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுகிறவனைப் பற்றி அது பேசுகிறது. அழுதுகொண்டு வந்து நிற்கிறவனைப் பற்றி அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், ‘தெரியாமல்தானே செய்தேன்’ என்று கடந்துபோவதும் தவறுதான். பேதுரு அப்போஸ்தலர் 3:17-இல் ‘அறியாமையினாலே இதைச் செய்தீர்கள்’ என்று ஒத்துக்கொண்டு, இரண்டே வசனம் தள்ளி மனந்திரும்பச் சொல்கிறார். லேவியராகமத்திலும் பலிக்கான கடமை செய்த பாவம் ‘தெரியவரும்போது’ தொடங்குகிறது. தெரிந்த நாள் முதல் தள்ளிப்போட முடியாது; தெரியவராததைக் கிளறிக்கிளறித் தேடவும் அங்கே கட்டளை இல்லை.

மனச்சாட்சி எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும் சிலருக்கு இந்த இரண்டாம் பாதி மிகவும் தேவை. மறந்துபோன பாவத்தைச் சொல்லவில்லையே என்று ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்வதற்கு) பின் நிம்மதி இழக்கும் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். உண்மையாகவே மறந்திருந்தால் அதுவும் மன்னிப்பில் அடங்கும். சாவான பாவமாக (கனமான பாவமாக) இருந்து பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். மற்றவர்களுக்கும் சங்கீதம் 19:12 இருக்கிறது: ‘தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்.’ அடுத்த வசனத்திலேயே தாவீது துணிகரமான பாவங்களுக்கு விலக்கிக் காக்கும்படி கேட்கிறார். இரவு ஜெபத்தில் இரண்டையும் இந்த வரிசையிலேயே சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்.