மார்கழிப் பனியும் பூட்டிய வகுப்பறையும்: வீசிங் உள்ள பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் லீவு முடிந்த வாரம். விளையாட்டு விழாவுக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணி. ஆஸ்துமா உள்ள என் மகன் 400 மீட்டரை நன்றாகவே ஓடி, மூன்றாவதாக வந்து, சிரித்துக்கொண்டே வேப்பமரத்தடிக்கு நடந்தான். அப்பாடா என்று நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன். டம்ளரோடு வந்து பார்த்தால், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போகிறது. இன்ஹேலர் பையில் இருந்தது. பை இரண்டாவது மாடி வகுப்பறையில். வகுப்பறை பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் கேட்டில்.

சாவி வந்து, மருந்து உள்ளே போய், பையன் தேறிவிட்டான். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு நாலைந்து தவறுகள் ஒன்றாகப் புரிந்தன.

முதலாவது, ஓடி முடித்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தது. ஓட்டத்தால் வரும் இழுப்பு பெரும்பாலும் ஓட்டம் நின்ற பிறகுதான் உச்சத்துக்கு வரும், ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். சாதாரணமாக மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்பும். வேகமாக ஓடும் பிள்ளை வாயால் அள்ளி அள்ளி இழுக்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரச்சத்து குறைவு என்பதால் மூச்சுக்குழாயின் உள்தோல் வறண்டு, எரிச்சலாகி, சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. அதனால் பிள்ளையைக் கவனிக்க வேண்டிய நேரம் பந்தயம் முடிந்த அடுத்த கால் மணி நேரம். டீக்கடை அப்புறம்.

'நம்மூர்ல என்னங்க பெரிய குளிரு?' என்று கேட்பவர்கள் உண்டு. கோயமுத்தூரில் மார்கழி, தை விடியலில் 18, 19 டிகிரிதான் இருக்கும், வாஸ்தவம். ஆனால் அந்த நேரத்தில் காற்று தரையோடு தங்கி நிற்கிறது, புகையும் தூசியும் மேலே எழும்பாது. எங்கள் மைதானத்தில் அன்று காலை என்னென்ன இருந்தன என்று பிறகு யோசித்தேன். மூலையில் வேப்பஞ்சருகைக் கூட்டித் தீ வைத்திருந்தார்கள். ஓடுபாதைக்குக் கோடு போட்ட சுண்ணாம்புத்தூள் கால் பட்டுப் பறந்தது. காம்பவுண்டு ஓரம் பார்த்தீனியம். பல்லடம் பக்கமென்றால் இதோடு பஞ்சுத்தூசி சேரும், பொள்ளாச்சிப் பக்கமென்றால் தென்னை நார்த்தூசி. சருகை ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு எரிக்கச் சொல்லி பி.டி. சாரிடம் கேட்டேன். எரிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கேட்டதே பெரிய விஷயமாகப் பட்டது. தேர்வு ஓட்டத்தையும் வெயில் ஏறி ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். 'அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே' என்றார் மனிதர்.

வீட்டில் நடப்பது வேறு கதை. 'காதுல பனி எறங்கிரும் கண்ணு' என்று அமுச்சி, அதாவது பாட்டி, மங்கி குல்லாவை இழுத்து மாட்டிவிடுவார். காது கதகதப்பாக இருக்கும், மூக்கும் வாயும் திறந்தே கிடக்கும். மூச்சுக்குழாய்க்குப் பனி போகிற வழி அதுதான். மெல்லிய துண்டையோ மாஸ்க்கையோ மூக்கு வாயை மூடிக் கட்டினால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடும் ஈரமும் பெறும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலைக்குக் காட்டும் சாம்பிராணியை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வாசனையாக இருந்தாலும் புகை புகைதான். கொசுவர்த்திக்கும் இதே பேச்சு.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, இருமல் நின்றதும் தினசரி மருந்தை நிறுத்துவது. இதை நாங்களும் செய்தோம். இன்ஹேலர் இரண்டு வகை. இழுப்பு வந்தால் உடனே குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் ஒன்று, பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது. இன்னொன்று உள்வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. இதைத் தினமும் எடுக்கச் சொல்வார்கள், முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். தீபாவளியோடு நிறுத்திவிட்டு மார்கழியில் ஓடவிட்டால் மைதானத்தில் எதைச் செய்தும் தாமதம்தான். ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற பயம் புரிகிறது. வருடக்கணக்காக எடுத்த பிள்ளைகளிடம் உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ராத்திரி தூங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விலையாகத் தெரியாது. ஸ்டீராய்டு எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஓட்டத்துக்கு முன் எடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீல இன்ஹேலரை ஓட்டத்துக்கு முன் எடுக்க மருத்துவர் சொல்லியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வீட்டில் கொடுத்து அனுப்பினால், பதினொரு மணிப் பந்தயத்துக்கு அதன் வேகம் அடங்கிப்போயிருக்கும்.

வாயில் நேராக வைத்து அழுத்தினால் பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் வேண்டும், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய். நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் (ஒரு அழுத்து), நிதானமாக நாலைந்து மூச்சு. பிறகு மறுபடி குலுக்கி அடுத்த பஃப். நான் ஸ்பேசரைக் கழுவிப் பளபளவென்று பனியன் துணியால் துடைத்து வைப்பேன். அதுவே தவறாம். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். மருந்து தீர்ந்த பிறகும் டப்பாவிலிருந்து 'புஸ்' என்று காற்று வரும், அதை நம்பாதீர்கள். எண் காட்டாத இன்ஹேலர் என்றால் எத்தனை பஃப் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு: லேட்டாக வந்தவனை 'கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு' என்பது. ஆஸ்துமா பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் ஓடுவது ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, மெதுவாக ஓடி, இடையிடையே சிறு வேக ஓட்டங்களும் ஓடினால், அதற்குப் பிறகு ஓரிரு மணி நேரம் பலருக்குக் குழாய் அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை.

இழுப்பு வந்துவிட்டால் படுக்க வைக்காதீர்கள். சுற்றி நின்று விசிறவோ, சோடா கொடுக்கவோ வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரில் நீல இன்ஹேலர் நாலு பஃப், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, பிறகு நாலு நிமிடம் காத்திருப்பு. குறையாவிட்டால் மறுபடி நாலு. அப்போதும் குறையாவிட்டால் 108, வண்டி வரும் வரை அதே முறை தொடரட்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். 'விசில் சத்தம் நின்னுருச்சு, சரியாப் போச்சு' என்று நினைப்பதுதான் பயங்கரம். பிள்ளை சோர்ந்துபோய்ச் சத்தமும் நின்றால், காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்குப் பிறகு அமுச்சி 'ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்' என்றார். வாழைப்பழத்தையும் சேர்த்து நிறுத்தினார். பிள்ளையைக் கோட்டுக்கு வெளியே ஸ்கோர் எழுத உட்கார வைப்பதும் ஒரு தவறுதான். பிரிட்டிஷ் ஓட்டவீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமாவோடுதான் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடினார், அந்த உலகச் சாதனை 2019 வரை நின்றது. நோய் கட்டுக்குள் இருந்தால் ஓட்டம் நல்லதே.

இப்போது ஒரு நீல இன்ஹேலர் அவன் இடுப்புப் பையில். இன்னொன்று ஸ்பேசரோடு, பெயர் எழுதி, பி.டி. சாரின் விசில் டப்பாவில். இந்த வருடம் 800 மீட்டரில் நான்காவதாக வந்தான். ஷூ லேஸ் அவிழ்ந்ததுதான் காரணம் என்கிறான்.