குள்ள சிக்லிட் குஞ்சு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குள்ள சிக்லிட் என்பது தொட்டியில் வளர்க்கும் சின்ன வகை அழகு மீன். அபிஸ்டோவும் (அபிஸ்டோகிராமா) ராமும் அதில் அடங்கும். திருகோணமலைக் கடைகளில் ‘அபிஸ்டோ’ என்றோ ‘ராம்’ என்றோ எழுதி ஒட்டிய தொட்டிக்குள் நிற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து பொலித்தீன் பையில் வந்து இறங்கியவை. வந்த அன்றைக்கே போய், “நல்ல நிறமாக இருக்கிறதைப் பிடித்துத் தாங்கோ” என்று கேட்பதுதான் முதல் தவறு. குள்ள சிக்லிட் பயந்தால் நிறத்தை அடக்கிவிடும். அபிஸ்டோவின் உடம்பில் நீளவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டை மங்கி, குறுக்குக் கோடுகள் எழும்பும். பயம் தெளிந்தால் பட்டை திரும்பவும் வரும். காலையில் பார்த்த மீனை மாலையில் வேறு இனம் என்று நினைப்பது இதனால்தான். “அண்ணே, இது எப்ப வந்தது?” என்று கேட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போங்கள். சாகிறது அதற்குள் கடையிலேயே செத்துவிடும். அந்த நட்டம் உங்களுக்கு வராது.

நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. இரண்டு சென்ரிமீற்றர் குஞ்சு, வளர்ந்த ஆண் மீனைப் போல மினுங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். ஹோமோன் கொடுத்து நிறம் ஏற்றும் பழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. வீட்டுக்கு வந்து சில கிழமைகளில் நிறம் வடிந்துவிடும், குஞ்சு பொரிக்கும் என்றும் நம்ப முடியாது.

அதிகம் பேர் ஏமாறுவது ராமில். ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து ரமிரேசி ஒன்று, பொலிவிய ராம் மற்றது. இரண்டுக்கும் கண்ணை வெட்டிச் செல்லும் கறுப்புக் கோடும், விலாவில் கறுப்புப் பொட்டும் உண்டு. கடைக்காரர் இரண்டையும் ‘ராம்’ என்றே சொன்னாலும் அது பொய்யில்லை. மேலே இருந்து எட்டிப் பார்க்காமல், கண்ணாடிக்கு நேரே குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். ரமிரேசிக் குஞ்சின் விலாவில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் மினுங்கத் தொடங்கியிருக்கும். பொலிவியக் குஞ்சு மணல் நிறத்திலேயே நிற்கும். கொஞ்சம் வளர்ந்ததென்றால் வாலே சொல்லிவிடும்: பொலிவிய ராமின் வால், மேல் நுனியும் கீழ் நுனியும் நீண்டு, ஓரம் சிவந்திருக்கும்.

மாறிப் போனால் என்ன என்று கேட்கலாம். ரமிரேசிக்கு 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். பொலிவியனுக்கு அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி நல்லது. சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம்முடைய தொட்டிகள் ரமிரேசி பக்கம்தான் சாய்கின்றன. ஆனால் ரமிரேசிக்கு மென்மையான, சுத்தமான தண்ணீர் வேண்டும். நம்முடைய கிணறுகள் பல அப்படி இல்லை. பொலிவியன் கடினமான தண்ணீரையும் தாங்கும். என்னைக் கேட்டால், கிணற்றை நம்பியிருப்பவர் பொலிவியனை எடுத்து, தண்ணீர் குளிர மத்தியானத்தில் தொட்டி மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, சின்ன ஃபேன் ஒன்றை வைப்பது லேசு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் என்றால் இரண்டுமே வேண்டாம்.

அபிஸ்டோவுக்கு வருவோம். ககட்டுவோய்டிஸ், அகசிசி என்பவை அதில் இரண்டு இனங்கள். படங்களில் ககட்டுவோய்டிஸ் ஆணின் வால் இரட்டை நுனியாகவும், அகசிசி ஆணின் வால் ஈட்டி முனையாகவும் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு குஞ்சில் தேடினால் கிடைக்காது. அந்த வயதில் எல்லாவற்றுக்கும் உருண்டை வால்தான், பெண்ணுக்குக் கடைசி வரைக்கும் அப்படித்தான். வாலை விட்டுவிட்டுக் கோட்டைப் பாருங்கள். அகசிசியின் பட்டை உடம்போடு நிற்காமல் வாலுக்குள்ளும் ஓடும். ககட்டுவோய்டிஸில் பெரிய பட்டைக்குக் கீழே, வயிற்றுப் பக்கமாக, மெல்லிய கோடுகள் இன்னும் சில இருக்கும். வாயும் சற்றுப் பெரிது. பெயர்ச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். மக்மாஸ்டெரி, வியஹிட்டா இரண்டும் 1979இல் பெயரிடப்பட்ட கொலம்பிய அபிஸ்டோ இனங்கள். சந்தையில் வியஹிட்டா என்று விற்பதில் பெரும்பகுதி மக்மாஸ்டெரிதான். பெண்களைப் பிரிப்பது இன்னும் கஷ்டம் என்பதால், ஆணை ஒரு கடையிலும் பெண்ணை இன்னொரு கடையிலும் வாங்காதீர்கள்.

“இது பெரிசு, அது சின்னன், அப்போ சோடி” என்று பிடித்துத் தருவார்கள். அந்தச் சின்னன், பெரிய ஆணுக்குப் பயந்து பெண் வேசத்தில் நிற்கும் இன்னொரு ஆணாகவும் இருக்கலாம். அப்புறம், ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1996இல் காட்டியபடி, அபிஸ்டோ குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தண்ணீரின் சூடும் தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏற ஆண்கள் கூடும். சூட்டில் பொரித்த ஒரே ஈட்டிலிருந்து (ஒரு தடவை பொரித்த குஞ்சுக் கூட்டத்திலிருந்து) ஆறு எடுத்தால் ஆறும் ஆணாக முடியலாம். ஒரே இனம் என்று நிச்சயமானால் இரண்டு ஈடுகளிலிருந்து மூன்று மூன்றாக எடுப்பது பாதுகாப்பு.

சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். இரண்டு குஞ்சுகள் நேருக்கு நேர் முறைக்கும்போது துடுப்பெல்லாம் விரியும். அந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினால் பட்டை எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரியும். பயந்த மீனில் வரும் கோடுகள் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். எந்த நேரமும் எட்டு ஒன்பது குறுக்குக் கோடுகளோடு, மற்றதையெல்லாம் துரத்திக்கொண்டு ஒன்று நின்றால் அது கன்விக்ட் என்ற வேறொரு சிக்லிட். அது பத்து சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.