நாய் போன பிறகு

முதலில் அடக்கம். புதைப்பதாக இருந்தால் 3 அடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். ஊசி போட்டு விடைகொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பென்டோபார்பிட்டால் என்ற அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். வேறு விலங்கு தோண்டித் தின்றால் அதன் உயிருக்கும் ஆபத்து.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் தேடும், சாப்பாட்டைக் குறைக்கும். எங்கள் மணி போனதும் சின்னி கதவோரமே படுத்துக் கிடந்தாள். வழக்கமான நேரத்துக்கே அவளை நடக்கக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொன்னால், அவளைவிட எனக்குத்தான் அது உதவியது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைகளிடம் 'தூங்குது' என்று சொல்லாதீர்கள்; ராத்திரி படுக்கவே பயப்படுவார்கள். செத்துப்போச்சு, இனி வராது என்றே சொல்லலாம்.

கழுத்துப்பட்டை, தட்டு எல்லாவற்றையும் உடனே தூக்கிப்போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மணியின் பட்டையை நான் துவைக்கவே இல்லை. கொக்கியில் சிக்கிய பழுப்பு முடி அப்படியே இருக்கிறது. 'நாய்தானே' என்பவர்களிடம் வாதாடாமல் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், புதுக்குட்டி. ஆறுதலுக்கென்று யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். பழைய பெயரையே அதற்கும் வைக்கத் தோன்றுகிறதா? சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.