துருவ ஒளி: முதலில் அந்த அம்புக்குறியை அழியுங்கள்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டால் தட்டாமல் போய்விடுவேன். சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பி வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றைப் பற்றியும், துருவப் பக்கத்து இரவு வானில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும் துருவ ஒளியைப் பற்றியும் ஒரு சார்ட்டாவது எப்படியும் இருக்கும். இடது ஓரம் மஞ்சள் சூரியன், வலது ஓரம் நீலப் பூமி, நடுவில் இரண்டு சிவப்பு அம்புகள். ஒன்று நேராகப் போய் வட துருவத்தில் குத்தும், இன்னொன்று தென் துருவத்தில். கீழே ஸ்கெட்ச் பேனாவில், ‘சூரியக் காற்று மோதுவதால் துருவ ஒளி உண்டாகிறது’. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நான் வாத்தியாராக இருந்தபோது பல வருடம் கரும்பலகையில் இதே அம்பைத்தான் போட்டேன்.

மற்ற தவறுகளில் பாதி இந்த அம்பிலிருந்துதான் முளைக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தூணில் மோதும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஓரமாக வழுக்கி, தூணுக்குப் பின்னால் நீள வாலாகச் சுழித்துக்கொண்டு போகும். பூமியின் காந்தப்புலம்தான் அந்தத் தூண். சூரியன் பக்கம் சுமார் 65,000 கிலோமீட்டர் தள்ளியே சூரியக் காற்றை அது விலக்கிவிடுகிறது. மறுபக்கம் அதன் வால் நிலாவின் பாதையையும் தாண்டி நீள்கிறது.

தூண் உவமை இதோடு சரி. தூணுக்குள் தண்ணீர் இறங்காது. காந்தப்புலத்துக்குள் ஆற்றல் இறங்கும். சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அது தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் பூமியின் காந்தக் கோடுகளோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். முடிச்சு விழுந்த கோடுகளைக் காற்று பின்னால் இழுத்துப் போக, வாலில் ஆற்றல் சேர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அங்கே கோடுகள் அறுந்து மறுபடி இணையும். அப்போது எலக்ட்ரான்கள் பூமியை நோக்கி விரட்டப்படுகின்றன. ஆக, கண்ணைப் பறிக்கும் துருவ ஒளிக்கான எலக்ட்ரான்கள் பெரும்பாலும் பூமியின் முதுகுப்பக்கத்திலிருந்து, இரவுப் பக்கத்திலிருந்து வருகின்றன. பகல் பக்கத்தில் நேராக நுழையவும் புனல் மாதிரி ஒரு சின்ன வழி உண்டு. ஆனால் பெரிய ஆட்டம் அங்கே நடப்பதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் ‘வேகம் அதிகமென்றால் ஒளி அதிகம்’ என்ற அடுத்த தவறும் தானாக உதிர்ந்துவிடும். சூரியக் காற்று வினாடிக்கு 800 கிலோமீட்டரில் சீறி வந்தாலும், அதன் காந்தப்புலம் வடக்கு நோக்கியே இருந்தால் பெரும்பாலும் சப்பென்று போய்விடும். மிதமான காற்று தெற்கு நோக்கிய புலத்தோடு மணிக்கணக்கில் வந்தால் அன்றைக்கு நார்வேயில் யாரும் தூங்க மாட்டார்கள்.

சரி, ஏன் துருவப் பக்கம் மட்டும்? அங்கே குளிர் என்பதாலும் இல்லை, சூரியன் சாய்வாக விழுவதாலும் இல்லை. ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். சமமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். பிறகு ஒரு காந்தத்தால் ஒரே திசையில் முப்பது, நாற்பது தடவை தேயுங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும். ஆனால் மதுரையில் அது கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். ஊசி முழுக்கப் படுத்துவிடும் காந்த நடுக்கோடு நமக்குக் கொஞ்சம் தெற்கே, தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. அதே ஊசியை அண்டார்க்டிகாவில் இருக்கும் நம் பாரதி ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனால், தெற்கு முனை தரையைப் பார்க்க, ஏறக்குறைய செங்குத்தாக நின்றுவிடும். மின்னூட்டம் கொண்ட துகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அதன் வழியேதான் ஓடும், குறுக்கே எளிதில் பாயாது. நம் தலைக்கு மேல் கோடுகள் கூரை போல் படுத்திருக்கின்றன. அங்கே கிணற்றுக் கயிறு போல் கீழே இறங்குகின்றன.

துருவத்துக்கு நட்டநடுவே போனால்தான் நன்றாகத் தெரியும் என்பதும் தவறு. ஒளி ஒரு வளையமாக, காந்தத் துருவத்தைச் சுற்றி விழுகிறது. பொதுவாக 65 முதல் 70 பாகை காந்த அட்சரேகையில், அதாவது காந்த நடுக்கோட்டிலிருந்து கணக்கிடும் அட்சரேகையில். வளையத்துக்குள் நின்றால் ஓரத்தில்தான் தெரியும். சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பலமாகக் கலக்குவதைத்தான் சூரியப் புயல் என்கிறோம். அது வலுத்தால் வளையம் விரியும். 2024 மே 10, 11 தேதிகளில் அப்படி விரிந்தபோதுதான் லடாக்கில் ஹான்லே வானத்துச் சிவப்பைக் கேமராக்கள் பிடித்தன.

அந்தச் சிவப்பும் பச்சையும் சூரியனிலிருந்து வந்த துகள்களின் நிறம் என்று எழுதாதீர்கள். அது நம் காற்றின் நிறம். கடைவாசல் நியான் விளக்கில் எலக்ட்ரான் இடித்து உள்ளே இருக்கும் வாயு ஒளிர்கிற மாதிரி, அங்கே ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒளிர்கின்றன. இடி வாங்கிய ஆக்சிஜன் அணு பச்சையை உமிழ ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்வதில்லை. சிவப்புக்கோ ஏறக்குறைய இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் யார் மேலும் இடிபடாமல் இரண்டு நிமிடம் நிற்க முடியுமா? 100, 150 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அப்படித்தான். சிவப்பாக ஒளிர்வதற்குள் பக்கத்து மூலக்கூறு இடித்து ஆற்றலைப் பிடுங்கிவிடும். அதனால் அங்கே பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே ஆள்நடமாட்டம் குறைவு, சிவப்பு.

‘காற்று’ என்ற சொல்லும் ஏமாற்றும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கலாம், சூரியக் காற்றில் ஒரு தூசிகூட நகராது. பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஐந்தாறு புரோட்டான்தான் இருக்கும்.

ஒளியோடு கதை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். துருவப் பகுதியில் பாயும் மின்னோட்டங்கள் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குகின்றன. சூடான காற்று உப்பி மேலே எழும்புகிறது. அந்த உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு உராய்வு கூடும். 2022 பிப்ரவரியில் இணையச் சேவைக்காக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40, ஒரு சாதாரணப் புயலிலேயே கீழே இழுக்கப்பட்டு எரிந்துபோயின. 1989 மார்ச்சில் ஒரு பெரிய புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுக்க மின்சாரம் போய் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது.

அதற்காக ‘இன்று இரவு சூரியப் புயல், போனை அணைத்துத் தூரமாக வையுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். தரையில் இருக்கும் ஆளையும் அவர் கைப்பேசியையும் அது ஒன்றும் செய்யாது. அந்தச் செய்தியில் இன்னொரு குழப்பமும் இருக்கும். சூரியச் சுடரின், அதாவது சூரியனில் திடீரென வெடிக்கும் பிரகாசத்தின், ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும்; புயலைக் கிளப்பும் துகள் மேகம் வந்து சேரப் பொதுவாக இரண்டு, மூன்று நாளாகும். இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

போன முறை ஒரு பையன் கேட்டான்: “அப்போ நம்ம ஊருக்கு ஒண்ணுமே தெரியாதா சார்?” ஊசிக்குத் தெரியும் என்றேன். தையல் ஊசிக்கு இல்லை, ஆய்வகத்து ஊசிக்கு. பெரிய புயலில் பூமியைச் சுற்றி ஒரு மின்னோட்ட வளையம் வலுத்து, நம் பக்கத்துக் கிடைமட்டக் காந்தப்புலத்தைக் குறைத்துவிடும். 1859 செப்டம்பர் 2-ம் தேதி மும்பை கொலாபா ஆய்வகத்தில் அது சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இறங்கியது. மதுரையில் மொத்தப் புலமே 40,000 சொச்சம்தான். அவன் அதைச் சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டான். சிவப்பு அம்பு மட்டும் அப்படியே இருந்தது, ஸ்கெட்ச் பேனா அழியாதே.