வேர்டிலில் நாங்கள் விடுகிற பிழைகள்

போன யூலை மாசம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு, தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே வேர்டில் என்ற இணையச் சொல் விளையாட்டில் அன்றைய சொல்லை மூன்றாவது முயற்சியில் பிடித்துவிட்ட சந்தோசத்தில், என் தங்கச்சி அந்தச் சொல்லை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டாள். ரொறொன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கு அப்போது முதல்நாள் இரவு ஒன்பதரை. வேர்டிலின் புதுச் சொல் அவரவர் ஊர் நேரப்படி நள்ளிரவில்தான் திறக்கும், ஆகவே அவளுக்கு அந்தச் சொல் வர இன்னும் இரண்டரை மணித்தியாலம் கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு விளையாட ஒன்றுமே மிஞ்சவில்லை. மெல்பேர்ணில் இருக்கிற சித்தப்பா எங்களை விட நாலரை மணித்தியாலம் முந்தி, எப்போதும் எங்களுக்கு முன்னரே முடித்துவிடுவார், ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உறவுகள் நாலு கண்டத்தில் பரந்து கிடக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இதுதான் முதல் பிழை. நிறக்கட்டங்களை மட்டும் அனுப்புங்கள், அதில் எழுத்து எதுவும் தெரியாது. பகிர்வதற்கு என்று ஒரு பொத்தான் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியியலாளர் தன் துணைவிக்காகச் செய்த விளையாட்டு இது. 2021 ஒக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார், 2022 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் வாங்கியது. ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், ஆறு முயற்சி. பச்சை வந்தால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் வந்தால் எழுத்து உண்டு இடம் பிழை, சாம்பல் என்றால் அந்த எழுத்து இல்லை. இவ்வளவுதான்.

நான் பார்த்த அளவில் பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றே. ஒவ்வொரு முயற்சியிலும் விடையையே பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறோம். முதல் மூன்று சொற்களையாவது கேள்விகளாக நினைத்துப் போடுங்கள். கேள்வி நல்லதாக இருந்தால் பதிலும் நிறைய வரும்.

முதல் சொல்லையே எடுங்கள். உயிரெழுத்துகளை முதலில் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பலர் 'ஓடியோ', ஏ-யூ-டி-ஐ-ஓ, என்று தொடங்குகிறார்கள், அதில் நாலு உயிர் இருக்கிறதே என்பது காரணம். ஆனால் ஏ, ஈ எல்லாம் ஏகப்பட்ட சொற்களில் வரும், அவை இருக்கிறது என்று தெரிவதால் சொல் அவ்வளவாகக் குறையாது. ஆர், ரி, எல், எஸ், என் போன்ற மெய்கள்தான் சொல்லை நெருக்கிப் பிடிக்கும். நியூயோர்க் ரைம்ஸின் வேர்டில்பொட் என்ற பகுப்பாய்வுக் கருவி முதலில் 'கிரேன்', பிறகு 'ஸ்லேட்' என்று சொன்னது. இரண்டிலும் உயிர் இரண்டுதான், மெய் மூன்று, ஓர் எழுத்தும் திரும்ப வரவில்லை. அந்த அளவு போதும்.

அடுத்தது, ஆகப் பெரிய பொறி. ஐ-ஜி-எச்-ரி என்று முடிகிற சொற்கள். முதலில் 'ஓடியோ' போட்டீர்கள், ஐ மட்டும் மஞ்சள். இரண்டாவது 'நைட்', கடைசி நாலு எழுத்தும் பச்சை. மனம் துள்ளும். ஆனால் எண்ணிப் பாருங்கள், முன்னால் ஆர், எஃப், எல், எம், எஸ், ரி, ஈ என்று எதைப் போட்டாலும் புழக்கத்தில் உள்ள சொல் வரும். ஏழு சொல், கையில் நாலு முயற்சி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறவர் கடைசி வரை போய்த் தோற்கவும் கூடும். இந்த இடத்தில் 'ஃபில்ம்ஸ்' என்று போடுங்கள். அது விடையாக இருக்கவே முடியாது, தெரிந்தேதான் போடுகிறோம். எஃப், எல், எம், எஸ் நாலையும் ஒரே வரியில் கேட்டாயிற்று. அதில் ஒன்றுக்கு நிறம் வந்தால் சொல் கையில். ஒன்றுக்கும் வராவிட்டால் மிச்சம் ஆர், ரி, ஈ, மூன்று சொல்லுக்கு மூன்று முயற்சி. எந்தப் பக்கம் போனாலும் தோற்க வழியில்லை. இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டு உண்மையில் விளங்கியது. ஒன்று மட்டும் கவனம், 'கடின முறை'யைப் போட்டு வைத்திருந்தால் கிடைத்த எழுத்துகளைக் கைவிட அது விடாது, அப்போது 'ஃபில்ம்ஸ்' போட முடியாது. ஆகவே அந்த முறையில் விளையாடுகிறவர்கள் இப்படி ஒரே வாலுள்ள சொற்களுக்குள் கெதியாகப் போய் விழக்கூடாது.

இரட்டை எழுத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். விடை 'அபைட்', ஏ-பி-ஐ-டி-ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'ஸ்பீட்' போடுகிறீர்கள், அதில் ஈ இரண்டு. முதல் ஈ மஞ்சள், இரண்டாவது ஈ சாம்பல். உடனே "என்ன இது, இருக்கு என்கிறது, இல்லை என்கிறது" என்று குழம்பிப்போய் ஈயையே விட்டுவிடுகிறார்கள். சாம்பல் இங்கே சொல்வது வேறு: ஈ ஒன்றுதான், இரண்டாவது இல்லை. இது நல்ல துப்பு, வீணாக்காதீர்கள். மறுபக்கமும் உண்டு. ஓர் எழுத்து ஒருமுறை பச்சையானால் அது இன்னோரிடத்தில் வராது என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கென்று ஒரு பிழை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது பிரித்தானிய எழுத்துக்கூட்டல். 'ஹியூமர்' எங்களுக்கு ஆறெழுத்து, 'ஃபேவர்' ஆறெழுத்து. வேர்டிலோ அமெரிக்க எழுத்துக்கூட்டல், ஓவுக்குப் பிறகு யூ இல்லாமல் இரண்டும் ஐந்து. 2022 தொடக்கத்தில் இரண்டும் விடையாக வந்தபோது பிரித்தானியாவில் இருந்தவர்களே கொதித்தார்கள். ஆகவே ஓ-ஆர் என்று முடிகிற சொல் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், எங்கள் வாத்திமார் சிவப்பு மையால் வெட்டிய சொற்களையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். அதேபோல வெறும் எஸ் சேர்த்த பன்மை விடையாக வருவது வழக்கமில்லை. கேள்வியாகப் போடலாம், விடையென்று நம்பிக் காத்திருக்கக்கூடாது.

சின்னப் பிழைகளும் இருக்கின்றன. சாம்பலான எழுத்தைத் திரும்பப் போடுவது, மஞ்சளை அதே இடத்தில் வைப்பது, இதெல்லாம் நித்திரைத் தூக்கத்தில் பன்னிரண்டு மணிக்கு விளையாடுவதால் வருவது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விளையாடுங்கள். ஒருநாளும் விடாமல் வென்றுவந்த தொடர்ச்சி அறுந்துவிடும் என்ற பயத்தில் விடையை இணையத்தில் தேடிப் போடுகிறவர்களும் உண்டு, அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாருக்கு என்ன சந்தோசம்?

சரி, தமிழுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். அம்மம்மாவுக்கு ஆங்கிலச் சொல் வேண்டாம், ஆகவே பின்னேரங்களில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் விளையாடுகிறோம். எழுத்தும் இடமும் சரியென்றால் 'சரி' அடையாளம், மெய் சரி உயிர் வேறு என்றால் வட்டம். இங்கே முதல் பிழை எண்ணுவதில். 'பனங்காய்' ஐந்தெழுத்து: ப, ன, ங், கா, ய். போனைக் கேட்டால் புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று சொல்லும். அதை நம்பக்கூடாது.

இரண்டாவது, இலக்கணத்தை மறந்துவிட்டு ஊகிப்பது. உயிரெழுத்து தமிழ்ச்சொல்லின் நடுவில் வராது, அளபெடையை விட்டுவிட்டால். ஆகவே மூன்றாம் இடத்தில் 'இ' போட்டுப் பார்ப்பது ஒரு முயற்சியைக் கிணற்றில் போடுகிற வேலை. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் நல்ல தமிழ்ச்சொல் முடியாது. ட, ண, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்காது. ங் கிடைத்துவிட்டதா, பக்கத்தில் அநேகமாகக் க வரிசைதான். ட் கிடைத்ததா, அடுத்தது ட, க, ச, ப நாலில் ஒன்று: பட்டம், வெட்கம், ஆட்சி, நட்பு. பரீட்சைக்குப் பாடமாக்கிய இந்த விதிகள் இவ்வளவு உதவும் என்று படித்த காலத்தில் எனக்குத் தெரியாது.

நேற்று அம்மம்மா நாலெழுத்தில் ஒரு சொல்லை நினைத்தார். தங்கச்சி 'ஊஞ்சல்' என்றாள், கடைசி ல் சரி. உயிரில் தொடங்கி ல்லில் முடிகிறதையே தேடுவோம் என்று நான் 'அவியல்' போட்டேன், ய, ல் இரண்டும் சரி, முன்னால் இரண்டும் பிழை. பிறகு இடியப்பம் அவிந்து முடிகிற நேரம் வரை இரண்டு பேரும் யோசித்தோம். "ஒடியல்!" என்று தங்கச்சி குசினியில் இருந்து கத்தினாள்.

"ஒடியற்கூழ் குடிச்சு வளந்த பிள்ளையளுக்கு இவ்வளவு நேரமோ?" என்றபடி அம்மம்மா அடுத்த தாளைக் கிழித்தார்.