பச்சைத் தொழிலில் பணமும் பேரும் கெடும் இடங்கள்: பினாங்குச் சிறு வியாபாரிகளுக்கு

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒருவர் ‘மக்கும் கோப்பை’யில் தே ஓ ஐஸ் குடித்து முடித்ததும் அதை எங்கே போடுகிறார்? கைக்கெட்டும் குப்பைத் தொட்டியில். அங்கிருந்து அது பெருநிலத்துக்குப் போய், நிபோங் திபால் பக்கமுள்ள பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் சேர்கிறது. பிஎல்ஏ எனப்படும் சோளமாவு நெகிழி மக்க வேண்டுமானால் 58 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடும், ஈரமும், காற்றும் வாரக்கணக்கில் விடாமல் கிடைக்க வேண்டும். குப்பைமேட்டின் அடியில் காற்றே கிடையாது. கோப்பை அப்படியே கிடக்கும். கூடவே போன கரும்புச் சக்கைத் தட்டு காற்றில்லாமல் அழுகி மீத்தேனை விடும். அந்த மேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் புகைந்ததைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பொருள் எங்கிருந்து வருகிறது, எதில் செய்தது என்று விசாரிக்காத பச்சை வியாபாரி, அதாவது சூழலுக்கு உகந்த பொருளை விற்பவர், இல்லை. வாடிக்கையாளர் கையை விட்டதும் அது எங்கே போகிறது என்று விசாரிப்பவர்கள்தான் குறைவு. கீழே வரும் தவறுகளில் பல அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை.

லேபிளை நம்பி வாங்குவது

மொத்த வியாபாரி ‘பயோ’ என்று சொன்னால் போதாது. ‘ஆக்ஸோ’ வகைப் பைகள் சாதாரண நெகிழியில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்துச் செய்தவை. வெயில் பட்டால் பொடியாகும். பொடியானது மண்ணிலேயே கிடக்கும். அதை மக்குதல் என்று சொல்ல முடியாது. மக்கும் பை என்று விற்பதானால் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் ஈகோ 001 அல்லது ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432 சான்றிதழின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். சான்றிதழ் இருந்தாலும் ஈஎன் 13432 என்பது தொழிற்கூட உரக்கிடங்குக்கான அளவுகோல். வீட்டு உரத்தொட்டிக்கு அது பொருந்தாது. ‘உங்கள் பூந்தொட்டியில் போட்டால் மக்கிவிடும்’ என்று எழுதி ஒட்டினால் அது பொய்யாகிவிடும்.

அடுத்தது நாசி கண்டார் சோறு கட்டும் பழுப்புத் தாள். ‘பேப்பர்தானே’ என்று நீல நிறத் தொட்டியில் போடச் சொல்லும் துண்டறிக்கைகள் உண்டு. அதன் உள்பக்கம் நெகிழிப் படலம். ஒரு துண்டைக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் தாள் கூழாகியிருக்கும், மெல்லிய படலம் மட்டும் விரலோடு வரும். காகிதக் கோப்பைக்கும் இதே சோதனைதான். குழம்பு பட்ட எந்தத் தாளையும் மறுசுழற்சிக்காரர் எடுக்க மாட்டார் என்பது வேறு.

‘மூங்கில் குவளை’ என்று விற்பதில் பல, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்து வார்த்தவை. சூடான பானம் ஊற்றினால் மெலமைனும் ஃபார்மல்டிஹைடும் கசியக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் கலவைக்கு அனுமதி இல்லை. கண்ணாடிபோல் பளபளப்பாக, விளிம்பு துல்லியமாக வட்டமாக இருந்தால் அது மூங்கிலைக் குடைந்து செய்ததுதானா என்று சந்தேகியுங்கள்.

‘எனக்கு விற்றவன் சொன்னதைத்தானே நான் சொன்னேன்’ என்ற பேச்சை எப்போதும் நம்பியிருக்க முடியாது. 2011-ஆம் ஆண்டு வணிக விவரச் சட்டத்தின்படி பொய்யான விவரத்தோடு விற்கும் தனிநபருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம்.

பாக்குமட்டைத் தட்டு விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பினாங்கு என்ற பேரே பாக்கிலிருந்து வந்தது. தட்டோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. இங்குள்ள ஈரக்காற்றில் கட்டைப் பிரித்து வைத்தால் சில வாரத்திலேயே பூஞ்சை பூக்கும். வந்ததும் ஒரு நாள் வெயிலில் காயவைத்து, 25 தட்டாகப் பிரித்து, காற்றுப் புகாத பெட்டியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்ததைத் துடைத்து விற்காதீர்கள்.

எண்ணெய்ச் சோப்பு: கணக்கு தப்பும் இடம்

பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் துணி துவைக்கும் சோப்பாக்குவது நல்ல தொழில். ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறிப்பை அப்படியே எடுத்துக் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தடவையே கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் எண்ணெயைவிட அளவுதான்.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் பாமாயில். 1 கிலோ பாமாயிலைச் சோப்பாக்க ஏறக்குறைய 140 கிராம் காஸ்டிக் சோடா தேவை. துவைக்கும் சோப்புக்கு 138 கிராம் போதும். தண்ணீர் 320 கிராம். இதில் ‘கரண்டிக் கணக்கு’ உதவாது. 1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மேனிச் சோப்புக் குறிப்பைப் பார்த்து எண்ணெயை 5, 8 விழுக்காடு கூடுதலாக விடுகிறார்கள். புது எண்ணெய்க்கு அது சரி. பலமுறை பொரித்த எண்ணெயில் மிஞ்சும் கொழுப்பு சீக்கிரம் காறிவிடும்: ஒன்றிரண்டு மாதத்தில் சோப்பில் செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்து பழைய பொரியல் வாடை கிளம்பும்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டியதும் காய்ச்சத் தொடங்குவது அடுத்த பிசகு. கண்ணுக்குத் தெரியாத மாவும் உப்பும் மசாலாவும் உள்ளேயே இருக்கும். 1 லிட்டர் எண்ணெய்க்கு 1 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி உப்பு சேர்த்து மிதமாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஒரு இரவு அசைக்காமல் விடுங்கள். அழுக்கு தண்ணீரோடு அடியில் தங்கும். மேலே தெளிந்த எண்ணெயை மட்டும் எடுத்து, சலசலப்பு அடங்கும்வரை சூடாக்கித் தண்ணீரை விரட்டுங்கள். மீன் பொரித்த எண்ணெயை இதற்குப் பிறகும் நம்ப வேண்டாம்.

ஹார்ட்வேர் கடையில் ‘குழாய் அடைப்பு நீக்கி’ என்று விற்பதை வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். தண்ணீரில் போட்டதும் பொங்கி ஹைட்ரஜன் வெளியேறும். 98 அல்லது 99 விழுக்காடு என்று பொதியில் எழுதியிருக்கும் காஸ்டிக் சோடாதான் வேண்டும். அலுமினியச் சட்டியும் இதே காரணத்தால் கூடாது. எவர்சில்வர் அல்லது அடியில் 5 என்று குறித்த நெகிழி வாளி போதும். சோடாவைத் தண்ணீரில் கொட்டுங்கள், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த சன்னல் வேண்டும். குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று எடை. 138, 320, 1,000 கூட்டினால் 1,458 கிராம். நான்கு முதல் ஆறு வாரம் காயும்போது தண்ணீர் போய் 100-க்கு 13 அளவில் எடை குறையும். 100 கிராமாக வெட்டி, 100 கிராம் என்று தாள் சுற்றி வைத்த கட்டி, விற்கும் நாளில் 87 கிராம்தான் இருக்கும். 118 கிராமாக வெட்டுங்கள். காய்ந்த பின் எடைபோட்டுப் பிறகு தாள் சுற்றுங்கள். 1 கிலோ எண்ணெய்க்கு 12 கட்டி என்று விலைக்கணக்குப் போடுங்கள், அதில் உங்கள் கூலியையும் சேர்த்து. ‘எண்ணெய் இனாம்தானே’ என்று 1 ரிங்கிட்டுக்கு விற்பவர் ஆறு மாதத்தில் கடையை மூடுவார். கழிவு எண்ணெய் கிடைக்கவில்லை என்று மானிய விலைப் பாக்கெட் எண்ணெயை வாங்கிக் காய்ச்சுவது அதைவிட மோசம். அந்த மானியம் வீட்டு அடுப்புக்கு.

துணிச் சோப்பு விற்கும் வரை சரி. அதிலேயே வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ‘முகப்பருவுக்கு’ என்று எழுதிய கணமே சட்டம் மாறிவிடுகிறது. உடம்பில் தேய்ப்பது எதுவானாலும் மலேசியாவில் அது அழகுசாதனப் பொருள். விற்பதற்கு முன் மருந்து, அழகுசாதனப் பொருள்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-வில் அறிவிப்புப் பதிவு வேண்டும், தயாரிக்கும் இடம் நல்ல உற்பத்தி நடைமுறைப்படி இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறை அதில் தேறாது. பரு போகும், சொறி ஆறும் என்று எழுதினால் மருந்துச் சட்டம் வேறு வந்து நிற்கும்.

எஞ்சைம்

பழத்தோலைச் சர்க்கரை நீரில் புளிக்கவைத்துச் செய்யும் துப்புரவுத் திரவமான ‘எஞ்சைம்’ தெரியாத தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, பினாங்கில் இல்லை. செய்முறை எளிது: சர்க்கரை 1, தோல் 3, தண்ணீர் 10. 5 லிட்டர் கேனுக்கு 300 கிராம் நாட்டுச் சர்க்கரை, 900 கிராம் தோல், 3 லிட்டர் தண்ணீர். மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாகவே இருக்கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும், மொத்தம் 3 மாதம். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெடிக்கவிடுவதும், ஒரு மாதத்திலேயே வடித்து அடைத்து விற்பதும்தான் பொதுவான தவறுகள். புளிப்பு அடங்காத பாட்டில் வாடிக்கையாளரின் கார் பின்பெட்டிச் சூட்டில் உப்பி, மூடியைத் தள்ளிவிடும்.

அதன் குணத்தைக் கூட்டிச் சொல்வது பெரிய தவறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் வினிகர் போன்ற அமிலம். எண்ணெய்ப் பிசுக்குக்கும் கழிவறை வாடைக்கும் கேட்கும். பளிங்குத் தரையில் ஊற்றினால் பளபளப்பைத் தின்றுவிடும். குளோராக்ஸ் போன்ற குளோரின் வெளுப்பானோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இதை லேபிளில் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘ஆற்றில் ஊற்றுங்கள், ஆறு சுத்தமாகும்’ என்று கூட்டம் கூட்டிச் சொல்பவர்கள், சர்க்கரையும் அமிலமும் கலந்த நீரைக் கால்வாயில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்ன அங்கிருக்கும் உயிர்வளியைத்தான் எடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிறம் தேநீர் மாதிரி இருப்பதால் குடிநீர்ப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கவே கூடாது. மறுநிரப்புக் கடை நடத்துபவர்களுக்கும் இதே விதி: வாடிக்கையாளர் கொண்டுவரும் மினரல் வாட்டர் பாட்டிலில் பாத்திரச் சோப்பை ஊற்றாதீர்கள். எடைபோட்டு விற்கும் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை சோதித்த முத்திரை வேண்டும், சமையலறைத் தராசு செல்லாது.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மேசை போட்டாலும், வாட்ஸ்ஆப்பில் விற்றாலும், தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பேரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பேர் வைத்தால் 60. நகராண்மை லைசென்ஸ் தனி. ‘சேவைதானே செய்கிறோம்’ என்பது இரண்டிலிருந்தும் விலக்குத் தராது.

விழிப்புணர்வு செய்யப்போய்க் குப்பை சேர்ப்பது

நெகிழி கெடுதல் என்று பினாங்கில் இன்னும் ஒரு மணிநேரம் பேசுவது வீண். இந்த மாநிலம் 2011 ஜனவரி 1 முதல் வாரம் முழுக்க இலவசப் பை கொடுக்காமல் நிறுத்தியது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தொடங்கியது, தமிழிலும் ஏடு நடத்தியிருக்கிறது. மக்களுக்குத் தெரியாதது வேறு: நாளை காலை இந்தத் தயிர் டப்பாவை எங்கே போடுவது, கழுவ வேண்டுமா, எந்த நாள் வண்டி வரும். துண்டறிக்கையில் அந்த மூன்றும் இருந்தால் போதும். உங்கள் தாமானுக்கு வண்டி வரும் நாளை விசாரித்து எழுதுங்கள். பக்கத்துத் தாமானின் நாள் உதவாது.

வந்தவர்களுக்கெல்லாம் புதுத் துணிப்பை இனாமாகக் கொடுப்பதும் விழிப்புணர்வில் சேராது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் போட்ட கணக்கில், சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் நெகிழிப் பைக்கு ஈடாகும். நீர், ஓசோன் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 7,100 முறை. வீட்டில் ஏற்கெனவே பத்துப் பை தொங்குகிறது. கூட்டத்தில் கொடுக்கும் ‘நெய்யாத துணி’ப் பையோ பாலிபுரோப்பிலீன், அதுவும் நெகிழிதான். தையற்கடைத் துண்டிலும் பழைய வேட்டியிலும் தைத்து விற்பதானால் அது வேறு பேச்சு.

மறுசுழற்சிக்கென்று கோயில் வளாகத்திலோ பள்ளி வாசலிலோ பாட்டில் சேர்ப்பவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மூடியில்லாத பாட்டிலும் குவிந்த டின்னும் அதற்கு மாளிகை. புழு கண்டால் சுகாதாரத் துறை இடத்துக்காரர் மேல் 500 ரிங்கிட் அபராதம் போடும். நல்லது செய்ய இடம் கொடுத்த கோயில் நிர்வாகம் அடுத்த முறை கதவைத் திறக்காது. கூரை, கட்டிய சாக்கு, வாரத்துக்கொரு முறை காலி செய்தல், இம்மூன்றும் உறுதியாகாமல் சேகரிப்பைத் தொடங்காதீர்கள்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் எவர்சில்வர் டம்ளருக்கு மாற நினைப்பவர்கள் தவறுவது எண்ணிக்கையில். ‘இரண்டாயிரம் பேர் வருவார்கள், அத்தனை டம்ளருக்கு எங்கே போவது’ என்று கைவிடுகிறார்கள். அல்லது நூறு டம்ளரோடு தொடங்கி ஒரு மணிநேரத்தில் காகிதக் கோப்பைக்குத் திரும்புகிறார்கள். 6 மணிநேரத்தில் 2,000 என்றால் அரை மணிக்கு 167. கையில் கொடுத்தது குடித்து, கழுவி, வடிந்து திரும்ப அரை மணியாகும். காவடி வரும் நேரத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். ஆக 350 டம்ளர், கழுவ நால்வர்.

மூன்று பேசின் வேண்டும்: சோப்பு நீர், அலசும் நீர், கடைசியில் 20 லிட்டர் நீருக்கு 30 மில்லி குளோராக்ஸ். கடைசிப் பேசினில் ஒரு நிமிடம் முக்கி, கூடையில் கவிழ்த்து வடியவிடுங்கள். துணியால் துடைத்தால் அந்தத் துணியே கிருமியைப் பரப்பும். சோப்பு நீர் கலங்கியதும் மாற்றுங்கள். கழுவிய நீரைத் தெருச் சாக்கடையில் விடுமுன் வடிகட்டியில் எலுமிச்சைத் தோலையும் இலையையும் தடுத்து நிறுத்துங்கள்.

பிறகு ஒரு சின்ன வேலை. பந்தலுக்கு முன்னால் இருக்கும் குப்பைத் தொட்டியை அகற்றிவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில் முதல் பேசினை வையுங்கள். குடித்து முடித்த கை பழக்கத்தில் அங்கேதான் போகும்.